ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மூச்சுத் தசைப் பயிற்சி: சுங்கை சிப்புட் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் எல்பில், ஹீவூட் பக்கத் தோட்டங்களிலும் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சை) செய்கிறேன். கை, கால் பயிற்சியைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்பதில்லை. பையிலிருந்து மூச்சுக் கருவியை எடுத்தால்தான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கை காலுதானே விழுந்தது, மூச்சுக்கு எதற்குப் பயிற்சி?

மூச்சு விடுவதும் தசை செய்கிற வேலைதான். நுரையீரல் தானாக விரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டைத் தூக்கினால்தான் காற்று உள்ளே வரும். இருமுவதற்கு வயிற்றுத் தசைகள் சட்டென்று இறுக வேண்டும். இந்தத் தசைகளுக்கும் கட்டளை மூளையிலிருந்துதான் போகிறது. வலது கை கால் விழுந்தவருக்கு வலப்பக்கத்து மூச்சுத் தசைகளும் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சிலருக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு ஆழமாக இழுக்கச் சொன்னால் நெஞ்சு ஒரு பக்கம் நன்றாக எழும், மறு பக்கம் பின்தங்கும். அது வெறும் கண்ணுக்கே தெரியும்.

இதற்கு மேல் மாதக் கணக்கில் படுக்கை, சாய்வு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். வேலை கொடுக்காத தசை இன்னும் மெலியும். குளித்துவிட்டு வந்தால் மூச்சு வாங்குகிறது, நாலு வார்த்தை பேசியதும் நிறுத்தவேண்டி இருக்கிறது என்றால் எல்லாரும் அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் இந்தத் தசைகளும் காரணமாக இருக்கலாம்.

பலம் குறைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. வாயில் வைத்து முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும், அப்புறம் முழுப் பலத்தோடு ஊத வேண்டும். அளவு சென்டிமீட்டர் நீர் என்ற கணக்கில் வரும். நீளமான ஸ்ட்ராவை நேராகப் பிடித்து உறிஞ்சினால் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறி நிற்கிறதோ, அத்தனை அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு இழுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 100 வரும். ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் எடுத்த ஆய்வுகளில் இது 17 முதல் 57 வரைதான் இருந்தது. அதாவது பாதியளவு, சிலருக்கு அதற்கும் கீழே.

மீட்டர் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனாலும் முதல் முறையாவது பிசியோவிடம் போய் அளந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரியாமல் கருவியின் பளுவை ஏற்றினால், அது கூடுதலா குறைவா என்று யாருக்கும் தெரியாது.

பிழைத்து வீட்டுக்கு வந்தாச்சு. இருமல் பலமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

என் கணக்கில் இந்தப் பயிற்சி செய்வதற்கு முதல் காரணமே இருமல்தான். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பலருக்கு விழுங்குவது தடுமாறும். எச்சில், கோப்பி, சோற்றுப் பருக்கை எதுவும் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். தசை தளர்ந்தவருக்கு அந்த இருமலில் வேகம் இருக்காது, தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம்தான் வரும். உள்ளே போனது உள்ளேயே தங்கும். அதுதான் நெஞ்சில் சளி, காய்ச்சல், நிமோனியா என்று முடிகிறது. ஸ்ட்ரோக் வந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நிமோனியா வருகிறது. பிழைத்து வந்தவரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பல நேரம் இதுதான், கை கால் இல்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. திருகைச் சுற்றினால் ஸ்பிரிங் இறுகும். 15 என்ற கோட்டில் வைத்தால், 15 சென்டிமீட்டர் அழுத்தம் வருகிற அளவுக்கு இழுக்கும்வரை வால்வு திறக்காது, காற்றும் வராது. திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே வரும். வெளியே விடும்போது எந்தத் தடையும் இல்லை. இது இழுக்கும் தசைக்கான கருவி. ஊதும் தசைக்கு இதே அமைப்பைத் திருப்பிப் போட்ட மாதிரி வேறொரு கருவி உண்டு. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் இரட்டை வால்வுக் கருவியும் இருக்கிறது.

மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் பளு மாறாது என்பதுதான் இந்த ஸ்பிரிங் வால்வின் நல்ல விஷயம். ஏமாற்ற முடியாது.

ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் வராத வீடு நான் பார்த்ததில்லை. மூன்று பந்துக் கருவி, ஆபரேஷன் முடிந்தவர்கள் ஆழமாக மூச்சு இழுத்து நுரையீரலை விரித்து வைக்க உதவுவது. பந்து மேலே எழுகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதில் குறித்து வைக்கும்படியான தடை கிடையாது. தசைக்குப் பலம் ஏற வேண்டுமானால் எதிர்ப்பு இருக்க வேண்டும், அதை வாரா வாரம் ஏற்றவும் வேண்டும். பந்தைத் தூக்கி எறிய வேண்டாம், சளி கட்டாமல் இருக்க அது நல்லதுதான். மூச்சுத் தசைப் பயிற்சிக்கு அது மாற்று இல்லை.

பலூன் ஊதலாமா? சங்கு? பிராணாயாமம்? அம்மா தினமும் தேவாரம் பாடுவார்கள், அது போதாதா?

பலூனை நான் சிபாரிசு செய்வதில்லை. முதல் ஊதலில் தடை ரொம்ப அதிகம், விரிய ஆரம்பித்ததும் சட்டென்று குறைந்துவிடும், பளுவை ஒரே அளவில் வைக்க வழியில்லை. ஊதும்போது முக்கி, மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க ரத்த அழுத்தம் ஏறும். சங்கும் அப்படித்தான். கோயிலில் பல வருஷம் சங்கு ஊதிய ஒருவர் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மறுபடி ஊத ஆசைப்பட்டார். ஆசை நியாயம்தான், ஆனால் அதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

பிராணாயாமத்தில் மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது மனதுக்கும் மூச்சின் சீருக்கும் நல்லது. தசைப் பலத்துக்கு அதில் பளு இல்லை. கபாலபாதி போல வயிற்றை அடித்து அடித்து விடும் வேகப் பயிற்சிகளும், மூச்சை உள்ளே அடக்கி வைப்பதும் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வேண்டாம்.

தேவாரம் பாடட்டும், கட்டாயம் பாடட்டும். ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பது பேச்சுக்கு மிக நல்ல பயிற்சி. கருவியையும் செய்துவிட்டுப் பாடட்டும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள், எவ்வளவு பளு?

பொதுவாகச் சொல்லப்படும் அளவு: ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள், குறைந்தது 5 வாரம். 30 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலை 15, மாலை 15 என்று பிரித்துக்கொள்ளலாம். பளு, மீட்டரில் வந்த முழுப் பலத்தில் 30 சதவீதத்தில் தொடங்கும். இழுக்கும் அழுத்தம் 40 என்றால் கருவியை 12-ல் வைப்போம். வாரம் ஒருமுறை மறுபடி அளந்து கொஞ்சம் ஏற்றுவோம். பலர் 50, 60 சதவீதம் வரை போகிறார்கள்.

ஒரு வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். சமையலறைப் பக்கம் சாய்மானம் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், விழுந்த கைக்குக் கீழே ஒரு தலையணை. மூக்கில் கிளிப். தாத்தா குழாயை வாயில் வைத்து முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுகிறார். பிறகு இழுக்கிறார். தோள்பட்டை மேலே ஏறுகிறது. பேத்தி கையைத் தோள் மேல் வைத்து, “தாத்தா, தோளைத் தூக்காதீங்க, வயித்துல இழுங்க” என்கிறாள். அடுத்த இழுப்பில் வயிறு முன்னால் வருகிறது, வால்வு திறக்கும் சத்தம் கேட்கிறது. பத்து இழுப்பு, ஒரு நிமிஷ ஓய்வு, மறுபடி பத்து. ஐந்து சுற்று முடிந்ததும் வாய் கொப்பளித்துவிட்டுக் கோப்பி. முதல் வாரத்தில் மூன்று சுற்றே போதும் என்றால் மூன்றோடு நிறுத்தலாம்.

பளு சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவரிடமே கேளுங்கள். ஐந்து, ஆறு என்று சொன்னால் சரி. இரண்டு என்றால் ஏற்ற வேண்டும். ஒன்பது என்றால் இறக்குங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, காற்று ஒழுகுகிறது. என்ன செய்வது?

விழுந்த பக்கத்து உதட்டைக் குழாயோடு சேர்த்து இரண்டு விரலால் லேசாகப் பிடித்துவிடுங்கள். அகலமான உதட்டுப் பட்டை வைத்த வாய்ப்பகுதி கிடைத்தால் இன்னும் வசதி. அதிலும் ஒழுகினால் முகத்தில் பொருத்தும் மாஸ்க் வைத்துச் செய்யலாம், ஆனால் அதைப் பிசியோதான் பொருத்திக் காட்ட வேண்டும். பல்செட் போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே செய்யட்டும், உதடு நன்றாக மூடும்.

வெற்றிலை போடும் பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. முகம் மரத்துப்போன பக்கத்தில் பாக்குத் துண்டு ஒதுங்கிக் கிடப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படியே குழாயை வைத்துப் பலமாக இழுத்தால் அது நேராகத் தொண்டைக்குள் போகும். விரலால் கன்னத்தின் உள்பக்கத்தைத் துழாவிப் பார்த்து, கொப்பளித்த பிறகுதான் தொடங்க வேண்டும். வாயைச் சுத்தமாக வைத்திருப்பது நிமோனியாவுக்கும் நல்ல தடுப்பு.

அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, சொல்வதும் புரியவில்லை. அவரால் முடியுமா?

பேச்சு போனவர்களில் பலரால் முடியும். சொல்லிக்கொடுக்காமல் செய்து காட்டுங்கள். நீங்கள் ஒரு குழாயை வாயில் வைத்து இழுங்கள், அவர் கையை உங்கள் வயிற்றில் வைத்துக் காட்டுங்கள், பிறகு அவரைச் செய்ய விடுங்கள். செய்து காட்டியும் அவர் ஊதுவதும் கடிப்பதுமாக இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

யார் செய்யக் கூடாது?

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள், மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் கட்டுக்கு வராதவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த வரலாறு உள்ளவர்கள், காது சவ்வு கிழிந்தவர்கள், அண்மையில் கண் அல்லது வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தாலும், ரத்தம் கசிந்த வகை ஸ்ட்ரோக் என்றாலும் அப்படியே. குடலிறக்கம் உள்ளவர்கள் முதலில் சொல்லிவிடுங்கள், ஊதும் பயிற்சி அதை மோசமாக்கும்.

செய்யும்போது தலை சுற்றுகிறது.

அநேகமாக வேகமாகச் செய்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே அவசரமில்லாமல் மூச்சு விட வேண்டும். வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். குழாயை எடுத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் போய்விடும். அப்படியும் போகாமல் நெஞ்சு வலி, கண் இருட்டல் என்று வந்தால் அன்றைக்கு நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். முகம் புதிதாகக் கோணுவது, கை புதிதாகத் தளர்வது, பேச்சு குழறுவது என்றால் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

இதைச் செய்தால் நடை வருமா?

இந்தக் கேள்விக்கு இனிப்பாகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்காது. மூச்சுத் தசைக்குப் பலம் ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. 2016-இல் 5 ஆய்வுகளில் இருந்த 263 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இழுக்கும் அழுத்தம் சராசரி 7, ஊதும் அழுத்தம் 13 சென்டிமீட்டர் கூடியது. நுரையீரல் சிக்கல் வரும் அபாயமும் குறைந்தது. பார்சலோனாவில் 109 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 3 வாரம் உண்மையான பளுவோடு பயிற்சி செய்தவர்களில் 6 மாதத்துக்குள் நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் 2 பேர். பேருக்கு மட்டும் பளு வைத்துச் செய்தவர்களில் 8 பேர்.

ஆனால் அதே 2015-இல் லண்டனில் இருந்து வந்த ஆய்வில், ஸ்ட்ரோக் வந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கி 4 வாரம் பயிற்சி செய்த 82 பேரில், பளுவோடு செய்த குழு, பேருக்கு மட்டும் செய்த குழு என்று எல்லாக் குழுவிலும் இருமலின் வேகம் ஒரே மாதிரிதான் கூடியது. பளுவோடு செய்தவர்களுக்குத் தனியாக ஒன்றும் கூடவில்லை. முதல் வாரங்களில் உடம்பு தானாகத் தேறுவதும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

நடைக்கு வருவோம். பிரேசிலில் 38 பேர் வீட்டிலேயே தினமும் 40 நிமிடம், வாரம் 7 நாளும், 8 வாரம் செய்தார்கள். தசைப் பலமும் தாங்கும் சக்தியும் கூடின, மூச்சு வாங்குவது குறைந்தது. நடக்கும் தூரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே நடைக்கு நடைப் பயிற்சிதான். மூச்சுப் பயிற்சி அந்த நடைப் பயிற்சியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்காராமல் இருக்க உதவும் என்றுதான் சொல்வேன். இதை விட்டுவிட்டு அதை, அதை விட்டுவிட்டு இதை என்று செய்ய வேண்டாம்.

தண்ணி குடித்தால் புரையேறுகிறது. இந்தப் பயிற்சியால் சரியாகுமா?

முதலில் பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். தண்ணீரில் அதற்கென்றே உள்ள பவுடரைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பது, தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்குவது எல்லாம் அவர் பார்த்துச் சொல்வது. ஊதும் தசைப் பயிற்சியை விழுங்குவதற்காகவும் கொடுப்பார்கள், 5 ஊதல் வீதம் 5 சுற்று என்பது பரவலான அளவு. ஆனால் அதை நம்பிக் கெட்டியாக்காத கோப்பியை நீங்களே கொடுக்க ஆரம்பிக்கக் கூடாது.

ஸ்ட்ரோக் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் செய்து என்ன பயன்?

பயன் உண்டு. மேலே சொன்ன பிரேசில் ஆய்வில் இருந்தவர்களும் ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனவர்கள்தான், சிலருக்கு வருஷக் கணக்கு. தசைக்கு வயது தெரியும், தேதி தெரியாது.

நாட்டு வைத்தியரிடம் உருவுகிறோம், புறாக்கறி கொடுக்கிறோம். இதையும் சேர்த்துச் செய்யலாமா?

புறாக்கறி புரதச்சத்து, சாப்பிடட்டும். ஆனால் உப்பு குறைவாக. எண்ணெய் போட்டு உருவுவது உடம்புக்கு இதமாக இருக்கும், தோளைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் சரி. இரண்டுமே மூச்சுத் தசைக்கு வேலை கொடுக்காது. மருந்தை நிறுத்தச் சொல்லும் வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள்.

கருவி எங்கே கிடைக்கும்? எங்கே கற்றுக்கொள்வது?

முதலில் அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். குடிமக்களுக்குச் சாதாரணப் பரிசோதனைக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கோ ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ கடிதம் வாங்கி பிசியோவைப் பார்க்கலாம். 1996-இல் தொடங்கிய நாசாம் என்ற தேசிய ஸ்ட்ரோக் சங்கமும் மறுவாழ்வுப் பயிற்சி நடத்துகிறது. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டிய தோட்டத் தொழிலாளி என்றால் சொக்சோ அலுவலகத்தில் மறுவாழ்வுத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், மலாக்காவில் அவர்களுக்குப் பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. தோட்டத்தில் இதைக் கேட்டவர்கள் குறைவு, கேட்டால் கிடைப்பது நிறைய.

ஆன்லைனில் வாங்கும்போது, பளு எத்தனை சென்டிமீட்டர் நீர் என்று கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 1, 2, 3 என்று எண் மட்டும் போட்ட மலிவான பொருளில் எவ்வளவு பளு என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து லயத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டாம், காசநோய் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. கதகதப்பான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, நன்றாக உதறி நிழலில் காயவைக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் வால்வு கெட்டுவிடும்.

புகைமூட்டம் வந்தால்?

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. அன்றைக்குச் சன்னலை மூடி உள்ளே செய்யுங்கள், வாசலில் வேண்டாம். 200-க்கு மேல் போய் இருமலும் இருந்தால் பயிற்சியை ஒத்திவைக்கலாம். வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அவர் வெளியே போகட்டும், புகைமூட்டம் வருஷத்தில் சில வாரம்தான், அவர் தினமும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம். ஒரு வாரம் விட்டால் எல்லாம் போய்விடுமா?

ஒரு வாரத்தில் போகாது. மாதக் கணக்கில் நிறுத்தினால் மெல்ல மெல்லக் குறையும். கருவி கைப்பையில் அடங்கும், எடுத்துக்கொண்டு போங்கள். தங்கும் இடத்தில் காலையில் இரண்டு சுற்று செய்தாலும் போதும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து நேராகத் தொடங்காமல், திருகை ஒரு கோடு குறைத்து இரண்டு நாள் செய்துவிட்டு, அப்புறம் பழைய பளுவுக்கு ஏற்றுங்கள்.